சட்டை போட்ட பொம்மை

மார்ச் 3

மதிப்பெண்கள் வந்துவிட்டன. இரண்டாமாண்டு மாணவர்களில் பாதிப் பேர் கணினிப் பொம்மையில் நெஞ்சு ஒலி கேட்டுப் பழகினார்கள். மீதிப் பேர் எப்போதும்போல் வார்டில், நோயாளிகளிடம். பொம்மைக்குள் ஒலிபெருக்கி இருக்கிறது. திரையில் எந்த நோயைத் தொடுகிறோமோ அந்த ஒலி நெஞ்சில் கேட்கும். தேர்வையும் பொம்மையிலேயே வைத்தோம். பொம்மைக் குழு அள்ளிக்கொண்டு போய்விட்டது.

துறைத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே கட்டுரை, அடுத்து கல்விக் குழு, வரும் ஆண்டிலிருந்து இரண்டாமாண்டுக்கு வார்டே கிடையாது, பொம்மை போதும் என்கிறார். பொம்மையில் படித்தவன் பொம்மையில் தேறுவது என்ன அதிசயம்? ஆராய்ச்சியை நடத்துகிறவள் நான். வார்டிலும் ஒரு தேர்வு வைத்தே ஆகவேண்டும் என்றேன்.

"கிடைச்சது போதாதாம்மா?" என்றார்.

போதாது.

மார்ச் 7

இன்று வார்டுத் தேர்வு. 

பொம்மைக் குழுவிலிருந்து முதலில் வந்த மாணவி நேராகக் கட்டிலுக்குப் போனாள். நோயாளியிடம் ஒரு வணக்கம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. வெறும் தோலில் வைக்கவேண்டிய ஸ்டெதஸ்கோப்பைச் சட்டைமேலேயே வைத்தாள். பயத்தில் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். அடுத்தவனும் சட்டைமேல்தான் வைத்தான். அதற்கடுத்தவனும். துணி உரசும் சத்தத்தைக் கேட்டுவிட்டு 'நுரையீரலில் சளி' என்று ஒருவன் சொன்னான்!

நான்காவது கட்டிலில் இருந்தவர் ஆஸ்பத்திரி அங்கி போட்டிருந்தார். முதுகுப்பக்கம் முடிச்சுப் போடுவது. மாணவன் திகைத்துப்போய், "ஐயா, இதுல பட்டன் எங்க?" என்று கேட்டான்.

"பட்டன் இல்லாம போனதுக்கும் மாத்திரை இருக்கா தம்பி?" என்றார் அவர். வார்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேரே பொம்மை அறைக்குப் போனேன். பொம்மை வெள்ளைச் சட்டை போட்டு, பட்டனெல்லாம் பூட்டி, மாப்பிள்ளை மாதிரி படுத்திருந்தது. ஒலிபெருக்கிக்குத் துணி ஒரு பொருட்டே இல்லை, கணீரென்று கேட்கிறது. இதயத்தின் இடத்தை இவர்கள் விலா எலும்பை எண்ணிக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாவது பட்டனுக்கு வலது, இரண்டாவது பட்டனுக்கு இடது — அப்படித்தான் படித்திருக்கிறார்கள்.

யார் சட்டை போட்டது? கருவிகளைப் பார்த்துக்கொள்பவரைக் கேட்டேன். "கையேட்டுக்கு போட்டோ எடுக்கறப்ப வெறும் நெஞ்சு நல்லாயில்லன்னு தலைவர்தான் போடச் சொன்னாரு மேடம். அப்புறம் கழட்டச் சொல்லல."

அழகுக்காக! ஒரு போட்டோவுக்காக!

மார்ச் 12

தலைவரிடம் சொன்னேன். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"வார்டுல ஏகப்பட்ட சத்தம்மா. கட்டுப்பாடான சூழல் கிடையாது. அந்த ரிசல்ட்ட விட்டுடுங்க. வேற கட்டுரைல பாத்துக்கலாம்."

"நோயாளி அங்கதானே சார் இருக்காங்க?"

அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதே மனிதர்தான் நான் மாணவியாக இருந்தபோது வகுப்பில் சட்டையைக் கழற்றி உட்கார்ந்து, "என் இதய வால்வு கொஞ்சம் கசியுது, இலவசமாக் கேட்டுக்குங்க" என்பார். அந்த மெல்லிய 'உஸ்' சத்தத்தை நான் முதலில் கேட்டது இவர் நெஞ்சில்தான். அந்த ஆள் எங்கே போனார்? எந்த மேடையில், எந்தக் கைதட்டலில் தொலைந்தார்?

மார்ச் 13

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 19

கட்டுரையை அனுப்பிவிட்டார். என்னைக் கேட்காமல்! வார்டுத் தேர்வைப் பற்றி ஒரு வரி இல்லை. என் பெயர் மட்டும் இரண்டாவதாக, பத்திரமாக இருக்கிறது.

வீட்டில் தட்டை டங்கென்று வைத்தேன். "தட்டு என்ன பண்ணுச்சு? அதுவா உன் கட்டுரைய வெட்டுச்சு?" என்றார் கணவர். அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார், எதையும் நிதானமாகத்தான் பேசுவார். என் பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதப்போகிறேன் என்றேன்.

"எடு. அவருக்கு நிம்மதி. நீ கைய கழுவிடுவ, பசங்களுக்கு வார்டு போயிடும்."

சரியாகத்தான் சொன்னார். அதனால் அவர்மேலும் கோபம் வந்தது.

எனக்குப் பொம்மைமேல் கோபமே இல்லை. அபூர்வமான ஒரு சத்தத்தை நூறு தடவை கேட்கலாம், எந்த நோயாளியும் களைக்கமாட்டார். எவ்வளவு நல்ல விஷயம்! அதைக் கொண்டுபோய்... சே. அழுகையா வருது. அழமாட்டேன். கல்விக் குழுவில் வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 26

கல்விக் குழு.

தலைவர் படம் படமாகக் காட்டினார். அவர் முடித்ததும் நான் எழுந்து, வார்டில் நடந்ததைச் சொன்னேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும். "அவங்க கொஞ்சம் உணர்ச்சிவசப்படறாங்க" என்றார் தலைவர். என் காது சுட்டது.

கல்லூரி முதல்வர் அறுவை சிகிச்சை செய்கிற அம்மா, நீட்டி முழக்க நேரமில்லாதவர். "ரெண்டு பேரும் நிறுத்துங்க. ஒரு ஸ்டூடண்ட கூப்பிடுங்க, கேட்டுக் காட்டட்டும்."

பொம்மைத் தேர்வில் முதலிடம் வாங்கிய மாணவன் வந்தான். நோயாளிக்கு எங்கே போவது? தலைவரே எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி நாற்காலியில் உட்கார்ந்தார். "என்னையே கேக்கட்டும்." முகமெல்லாம் சிரிப்பு. தன் கசிவைப் பையன் கண்டுபிடித்துவிடுவான் என்ற பெருமை.

பையன் சட்டைமேல் வைத்தான். இரண்டாவது பட்டன், வலது. இரண்டாவது பட்டன், இடது. கவனமாக, அழகாக, ஒரு இடம் விடாமல்.

"எல்லாம் நார்மல் சார்."

தலைவரின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. அவரே தன் பட்டன்களைக் கழற்றினார். பையனின் கையைப் பிடித்து, ஸ்டெதஸ்கோப்பைத் தன் தோல்மேல் வைத்தார். "இப்ப கேளு."

பையன் கண் விரிந்தது. "சார்... உங்களுக்கு..."

"ஆமாப்பா. ரொம்ப வருஷமா."

ஜெயித்த மாதிரி இருக்கவேண்டும். இல்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஏப்ரல் 4

வார்டு நேரத்தில் கை வைக்கவில்லை. பொம்மையும் உண்டு, வார்டும் உண்டு. கட்டுரையைத் திரும்ப வாங்கி, வார்டுத் தேர்வைச் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டார் தலைவர். முதல் பெயர் அவருடையதேதான்! என்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. கையேட்டில் இன்னும் அந்த மாப்பிள்ளை போட்டோதான் இருக்கிறது. போய்த் தொலையட்டும்.

ஜூன் 18

மாலையில் பொம்மை அறைப் பக்கம் போனேன். பொம்மை வெறும் நெஞ்சோடு படுத்திருந்தது. வார்டுத் தேர்வில் முதலில் வந்து சட்டைமேல் வைத்தாளே, அந்த மாணவி தனியாகப் பழகிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நிற்பது தெரியவில்லை. விரலால் விலா எலும்பை எண்ணினாள். பிறகு ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள்.

என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டாள். "வார்டுல ஒரு அம்மா திட்டிட்டாங்க மேடம். ஐஸ் மாதிரி இருக்காம்."

பொம்மைக்குக் குளிராது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் இன்னொரு முறை தேய்த்துச் சூடாக்கிவிட்டு, அந்த ரப்பர் நெஞ்சின்மேல் மெதுவாக வைத்தாள்.