பலாப்பழம் அறுத்த கை

ஜூன் 10, செவ்வாய்
காலையிலிருந்து மூடுபனி. கல்லூரி லேபில் கேமரா பழுது, அதனால் அளக்கும் வேலை வீட்டில். சிரிஞ்சு, கண்ணாடித் தகடு, போனுக்கு லென்ஸ். அப்பா தோட்டத்துக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவில் நான் காய்ச்சிய படலம், பத்துத் துண்டு. புண்மேல் ஒட்டுவதற்கு. தண்ணீர்ச் சொட்டு அதன்மேல் கொஞ்சம் படர்ந்து உட்கார வேண்டும்; முத்தாக நின்றால் தோல் செல்கள் பிடித்து வளராது. சொட்டின் ஓரம் படலத்தைத் தொடும் கோணம்தான் கணக்கு. சேர்கோணம், இனி சே.கோ.

சேலத்திலிருந்து என் ஆய்வுக்கு வழிகாட்டும் மேடம் போனில்: "வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வீடியோவுல பாக்கும். பத்தும் ஒரே மாதிரி வரணும்மா. இல்லன்னா மலைக் கிழங்கை விட்டுட்டுக் கடை மாவுல பண்ணச் சொல்லிருவாங்க."

கடை மாவாம். பார்க்கலாம்.

ஐந்து முடிந்தது. 58, 60, 59, 58, 60 டிகிரி. மதியம் பலாப்பழம், அறுத்தது நான். பிறகு மிச்ச ஐந்தைத் தகட்டில் ஒட்டி வைத்தேன்.

புதன்
மிச்ச ஐந்து: 86, 88, 85, 88, 86. சொட்டு சேம்பிலைமேல் நிற்பது போல முத்தாக நிற்கிறது. பனியைத் திட்டினேன், போனைத் திட்டினேன், டி.வி. சத்தத்துக்கு அண்ணனைத் திட்டினேன். "தண்ணி என்ன, டி.வி. பாத்துக்கிட்டா நிக்குது?" என்றான்.

மாலை அம்மா அடுத்த பழம் அறுக்க உட்கார்ந்தாள். பிசின் ஒட்டாமலிருக்கக் கையில் நல்லெண்ணெய். நேற்று நானும் தடவினேனே. கழுவினேன், ஆனால் கையுறை போடாமல்தான் அந்த ஐந்தையும் ஒட்டினேன்.

"ஏங்கண்ணு, பேயடிச்ச மாதிரி நிக்கிற?"
"ஒன்னுமில்லம்மா."

வியாழன்
கையுறையோடு புதிதாக ஐந்து. 59, 58, 60, 59, 60. கெட்ட ஐந்தை மறைத்துவிடலாம். மறைக்க மனமில்லை. இன்னொரு துண்டில் எண்ணெய் விரலை வேண்டுமென்றே வைத்து எடுத்தேன். சே.கோ. 87. என் தப்பை நானே பிடித்துவிட்டேன். ராத்திரி இரண்டு தட்டுச் சோறு.

வெள்ளி
வீடியோவுக்கு டவர் சோளக்காடு ஊர்ச் சந்தையில்தான்; அப்பாவும் கூட வந்தார். அன்னாசிக் குவியல் பக்கம் நின்று பேசினேன். குழுவில் ஒருவர்: "நடுவுல அஞ்சு மட்டும் ஏன் ஏறியிருக்கு?"

"பலாப்பழம் சார்."

சொன்னேன். சிரித்தார்கள். பிறகு அவரே: "கண்ணுக்குத் தெரியாத எண்ணெயைக்கூடக் காட்டிக் குடுத்திருக்கு உங்க அளவு. மலைக் கிழங்குலயே செய்யுங்க."

சந்தையில் நின்ற பஸ் கண்டக்டரிடம் அப்பா: "நம்ம தோட்டத்துக் கெழங்குங்க. எம்புள்ள கண்டுபுடிச்சது." அழுகை வந்தது, அன்னாசி பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சனி
மழை. அறிக்கையில் பாதியை மேடம் வெட்டிவிட்டார். 'பலாப்பழம் அறுத்த கையால் படலத்தைத் தொடக் கூடாது' என்ற வரியில் மட்டும் கை வைக்கவில்லை.

'மூலப்பொருள் பெற்ற இடம்' என்று ஒரு கட்டம். எல்லோரும் கம்பெனி பெயர் போடுவார்கள். அப்பா பெயரைப் போட்டேன். இனிஷியலோடு.