நினைவு மலரில் நான் எழுதிய அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சென்னையில் நான் சுகம். உங்களுக்கு மூட்டுவலி தேவலையா? அத்தா நலமா?

போன மாதம் ஒரு பெண், மவுத்தான தன் தாய்க்கு நினைவு மலர் எழுதித் தரச் சொன்னார். விவரம் கேட்டால் அழுகைதான் வந்தது அவருக்கு. திண்டுக்கல் பஸ் நிலையத்தில் என்னை ஏற்றிவிட்டு, வண்டி நகரும் வரை ஜன்னல் கம்பியை விடாமல் நிற்பீர்களே, அதையே அவர் தாய் செய்ததாக எழுதிக் கொடுத்தேன்.

“எங்கம்மா இப்படியேதாங்க இருந்தாங்க” என்றார், படித்துவிட்டு.

உயிரோடிருக்கும் உங்களை ‘இருந்தார்’ என்று எழுதிவிட்டேன். அதிலிருந்து கைக்கு எழுத்து வரவில்லை. பயப்படாதீர்கள், சரியாகிவிடும். காசுக்கு எழுதிக் கொடுக்கும் இந்த வேலையில் என்னை விரட்ட யாரும் இல்லை. அதனால் தினமும் காலையில் போன் செய்து, “ஏம்மா, எழுத உக்காந்துட்டியா?” என்று அதட்டுங்கள். கறிமசாலா கொஞ்சம் அனுப்புங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. நான் போனை எடுக்காவிட்டால், விடாமல் திரும்பக் கூப்பிடுங்கள் அம்மா.

உங்கள் மகள்,
மஹ்ஜபீன்