நோய்க்குப் பெயர் கிடைத்தவள்

ஜூன் 3, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். மின்விசிறி பழுது, ஆள் வரவில்லை. மகள் தர்ஷினிக்கு இரண்டு முறை வலிப்பு.

ராணி போன். வெள்ளிமலைக்காரி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி பெஞ்சில் பழக்கம். அவள் மகனுக்கும் என் மகளுக்கும் ஒரே தொல்லை: வலிப்பு, தலை நிற்காது. மரபணு முழுவதையும் படித்துப் பார்க்க ஒரே நாளில் ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். அவளுக்குப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது.

“அக்கா, நோய்க்குப் பேர் கண்டுபுடிச்சிட்டாங்கக்கா! உடம்புல ஏதோ ஒரு வைட்டமின் நிக்கலையாம். தெனம் மாத்தரை போட்டா போதுமாம்!”

“ரொம்ப சந்தோஷம்டி” என்றேன். பொய். ஒரே பெஞ்ச், ஒரே ஊசி. அவளுக்கு மட்டும் எப்படி?

ஜூன் 11
எங்கள் பரிசோதனை முடிவும் வந்தது. ஒரு மரபணுவில் மாற்றம், அர்த்தம் உறுதியில்லையாம். என் ரத்தமும் அவர் ரத்தமும் வேண்டுமாம். கொடுத்தோம்.

வாங்க: வலிப்பு சிரப், டயப்பர், மஞ்சள் நூல், பிளவுஸ் ஹூக்.

மாமியார்: “உங்க வம்சத்துலதான் எவளுக்குனா இருந்திருக்கும்.”

ஜூன் 29
ராணி வீடியோ அனுப்பியிருக்கிறாள். பையன் சுவரில் சாயாமல் உட்கார்ந்து, தானே பிஸ்கட்டைப் பிடித்துக் கடிக்கிறான். ஒன்பது முறை பார்த்தேன். அழித்துவிட்டேன். இவ்வளவு கேவலமான மனசா எனக்கு? இருந்தாலும் பதில் போடவில்லை.

ஜூலை 18, மழை
முடிவு. அந்த மாற்றம்தான் காரணம். குணமாக்க மாத்திரை இல்லை. வலிப்பைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

டாக்டரம்மா: “உங்க ரெண்டு பேர் கிட்டயும் இது இல்லைங்க. குழந்தைக்குப் புதுசா வந்தது. யார் மேலயும் தப்பில்ல.”

பேருந்தில் அவர் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். எங்கள் ஊர் வடக்கனந்தலில் இறங்க மறந்து அடுத்த நிறுத்தம் வரை போய்விட்டோம்.

சாயங்காலம் ராணி போன். சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

“குடுத்து வச்சவக்கா நீ.”

“இன்னாடி சொல்ற?”

“எங்க ரெண்டு பேர் கிட்டயிருந்தும்தான் அவனுக்கு வந்துச்சாம். அத்த மவனத்தான கட்டிக்கினேன். அந்த அத்தையே என்னைத்தான் குத்தம் சொல்லிக்கினு இருக்கு. மாத்தரை குடுக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம். உன்னால வரலன்னு உனக்கு எழுதியே குடுத்துட்டாங்க. அந்தக் காய்தம் எனக்கு இல்லியேக்கா.”

காகிதம் கையில்தான் இருந்தது. தர்ஷினி மடியில்.

பையன் வீடியோவை மறுபடி அனுப்பச் சொன்னேன்.