எமெட் சொபோட்காவுக்கு வாத்தென்றால் பயம்

ஜனவரி 9, வியாழன்

கார் ஹீட்டர் மறுபடியும் படுத்துவிட்டது. கையுறையோடு ஓட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன். அமெரிக்கக் கால்பந்து லீகில் கடைசி இடம் பிடித்த டீமுக்குத்தான் கல்லூரிப் பையன்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. இந்த வருஷமும் எங்கள் டொலீடோ டீமுக்கே அந்தப் பாக்கியம். முதலாளி லன்ட் கேக் வெட்டினார். கடைசி இடத்துக்குக் கேக் வெட்டுகிற டீம் வேறு எங்காவது இருக்குமா?

"கிராட்ஸ், இந்தத் தடவையாவது நல்ல குவார்ட்டர்பேக்காப் பிடிச்சுட்டு வா. பந்தை எறியறவன் ஒருத்தன் சரியா அமைஞ்சாப் போதும், மத்தவனெல்லாம் தானா ஆடுவான்."

பதினோரு வருஷமாக இதைத்தான் சொல்கிறார். நானும் தலையை ஆட்டிவிட்டு ஆள் தேடப் போகிறேன்.

ஜனவரி 10

நான் கொண்டுவந்து சேர்த்தவர்களை மார்லின் காபி குடித்துக்கொண்டே எண்ணினாள். ஏழு பேர். மூன்று பேர் வேறு டீமுக்குப் போனதும் பிரமாதமாக ஆடினார்கள். மூன்று பேர் எங்கே போயும் தேறவில்லை. ஒருவன் ஆட்டத்தையே விட்டுவிட்டுப் பல் டாக்டர் ஆகிவிட்டான்.

"அப்ப தப்பு உன் கண்ணுலயா, டீம்லயா?" என்று கேட்டாள் என் மனைவி.

மூன்றுக்கு மூன்று. பல் டாக்டரை எந்தப் பக்கம் சேர்ப்பது?

ஜனவரி 21, செவ்வாய்

நெப்ராஸ்கா. முப்பது வருஷத்தில் இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. பெயர் எமெட் சொபோட்கா, வயது இருபத்திரண்டு. எதிர்காற்றில் அறுபது கெஜம் எறிகிறான், கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராகப் போகிறது பந்து. அவன் அம்மா லொரெய்ன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மைதானத்தை ஒட்டி பஸ்ஸை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள். இவன் எறிந்தான். திறந்திருந்த ஜன்னலுக்குள் போய் முதல் சீட்டில் உட்கார்ந்தது பந்து. அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதுக்கு சீட் பெல்ட் யார்றா போடறது?" என்று கத்தினாள், அவ்வளவுதான்.

அவர்கள் வீட்டில் சாப்பாடு. காரமான பீன்ஸ் குழம்பும், கூடவே பட்டைத்தூள் போட்ட இனிப்பு ரொட்டியும். அந்த ஊரில் இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறார்கள். பையன் எழுந்து போனதும் லொரெய்ன் கேட்டாள்: "இவன் உங்க புள்ளையா இருந்தா உங்க டீமுக்கு அனுப்புவீங்களா?"

நான் இன்னொரு ரொட்டி எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 23

பையனைப் பற்றி உண்மையை நாலு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். உண்மை தெரிந்தால் லன்ட் அவனை விடமாட்டார். எங்களிடம் வந்தால் இரண்டே வருஷத்தில் பல் டாக்டர்.

தோளில் பலமில்லை என்று எழுதலாமா? அளந்து பார்த்துவிடுவார்கள். கண் சரியில்லை? சோதிப்பார்கள். அளக்க முடியாத குறையாக ஒன்று வேண்டும். மோட்டல் ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் காட்டு வாத்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எழுதிவிட்டேன்: "திறமை உண்டு. ஆனால் வாத்தென்றால் பயம். கடுமையான பயம்."

ஐம்பத்தெட்டு வயசில் செய்கிற காரியமா இது?

பிப்ரவரி 6, வியாழன்

இரண்டரை மணி நேரம் மீட்டிங். முழுக்க வாத்து.

மேனேஜர் டூசெக் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் பயிற்சி மைதானத்தின் வரைபடத்தை விரித்துக் காட்டினார். சராசரியாக நாற்பது வாத்து நிற்குமாம். பந்தெறியும் நேரத்தில் ஒன்று கத்தினால்? மனநல டாக்டர் ஒருத்தர் பயம் குழந்தைப் பருவத்தில்தான் தொடங்குகிறது என்றார். எந்த வாத்து என்று டூசெக் கேட்டார்.

எங்கள் முன்வரிசையில் இரண்டு இடம் காலி. பந்தெறிகிறவனை எதிரி நெருங்காமல் மறித்து நிற்கவேண்டிய ஐந்து பேரில் இரண்டு பேர் இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"வாத்து விஷயத்தை முடிச்சுட்டு வருவோம் கிராட்ஸ்" என்றார் லன்ட்.

பிப்ரவரி 20, வியாழன்

இண்டியானாபொலிஸ். எல்லா டீமும் பையன்களை நேர்காணல் செய்கிற வாரம். ஹோட்டல் அறையில் எமெட் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது டூசெக் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே நிஜமாகவே ஒரு வாத்து. வெளியே வந்ததும் முதலில் டூசெக்கின் தொடையைத்தான் கடித்தது. டாக்டர் கட்டில்மேல் ஏறிவிட்டார்.

எமெட் எழுந்தான், ஒரு கையால் கழுத்தடியைப் பிடித்துத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டான். "சொல்லுங்க சார், மூணாவது கேள்வி என்ன கேட்டீங்க?" என்றான்.

லன்ட்டின் கண்ணில் தண்ணீர். "இவ்ளோ பயத்தை உள்ள வெச்சுக்கிட்டு எப்படி நிக்கறான் பாரு கிராட்ஸ்! இவன்தான். வேற யாரும் வேணாம்."

போச்சு. எல்லாம் போச்சு. நானே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து விட்டுட்டேனே.

மார்ச் 11, செவ்வாய்

மனசு கேட்கவில்லை. லொரெய்னுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எங்களிடம் வரமாட்டேன் என்று பையனைச் சொல்லச் சொன்னேன். அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். போன் பையன் கைக்குப் போனது.

"சார், எனக்குத் திறமை இருக்கா, இல்லையா?"

"இருக்குப்பா. நிறைய இருக்கு."

"அப்ப எங்க போனாலும் அது என்கூடத்தானே வரும்?"

இருபத்திரண்டு வயசில் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஏப்ரல் 24, வியாழன்

ஆள் தேர்வு நாள். எமெட்டைத்தான் முதல் பெயராகக் கூப்பிட்டார்கள். மேடையில் எங்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு சிரித்தான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

முதல் ஆட்டம். லன்ட்டின் தொழில் கராஜ் கதவு தயாரிப்பது. ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் ஓடிவரும் வழியில் இந்த வருஷம் தன் கம்பெனியின் மிகப்பெரிய கதவைப் பொருத்தியிருக்கிறார். புகை வந்தது, மேளம் அடித்தது, கதவு முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றுவிட்டது.

எல்லோரும் ஊர்ந்து வெளியே வந்தார்கள். முன்வரிசைக்காரர்களில் பெரிய உடம்பு இரண்டு பேரால் முடியவில்லை. அவர்கள் இடத்தில் பந்தை உதைக்கிறவனையும் இன்னொரு ஒல்லிப் பையனையும் நிறுத்தினார் கோச். முதல் பந்திலேயே எமெட் மேல் நாலு பேர் விழுந்தார்கள்.

பக்கத்தில் இருந்த லன்ட் சொன்னார்: "திறமைக்காரன்னா இதையெல்லாம் சமாளிக்கணும்."

செப்டம்பர் 28

எமெட்டை ஒன்பது தடவை சாய்த்தார்கள். பையன் கையிலிருந்து பந்து போவதற்கு முன்னாலேயே ஆள் மேலே இருக்கிறான்.

அக்டோபர் 12, ஞாயிறு

விலா எலும்பில் விரிசல். அதோடுகூட எறிந்தான். ஒன்று எதிரி கைக்குப் போனது.

ஆட்டம் முடிந்ததும் லன்ட் நிருபர்கள் முன்னால் என் ரிப்போர்ட்டை எடுத்துப் படித்தார். "எங்க ஆள் அப்பவே எழுதிட்டார். இது வாத்து சமாச்சாரம்தான்." போன வாரமே யாரோ கசியவிட்டிருக்கிறார்கள்போல. இன்றைக்கு எதிர் டீம் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் வாத்துத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து கத்தினார்கள். அந்தப் பையன் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். ஒன்றும் புரியாமல் பார்த்தான். யோவ் வென்டல் கிராட்ஸ், என்னய்யா பண்ணி வெச்சிருக்க நீ? ஒரு நல்ல பையனை—

அக்டோபர் 14, செவ்வாய்

லன்ட்டின் அறைக்குப் போய்ச் சொன்னேன். வாத்து என்பது நான் கட்டிய கதை என்று.

லன்ட் என் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். "வாத்து பொய்யா?"

"பொய் சார்."

"அதே பேப்பர்லதான் திறமை உண்டுன்னும் எழுதியிருக்க. அப்ப அதுவும் பொய்தானே?"

"இல்ல சார், அது நிஜம்."

"ஒரே பேப்பர்ல பாதி பொய், பாதி நிஜமா? நல்லா இருக்கே உன் கதை!"

வேலை போய்விட்டது. போகும்போது நிருபர்களிடமும் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அதைக் கடைசிப் பக்கத்தில் சின்னதாகப் போட்டார்கள். மார்லின் என் முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

நவம்பர் 4

எமெட்டை டுலூத் டீமுக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்குப் பந்தை உதைக்கிறவன் ஒருத்தனை வாங்கியிருக்கிறார்கள். டொலீடோவிடம் ஏற்கெனவே ஒருத்தன் இருக்கிறான்.

பிப்ரவரி 17, செவ்வாய்

பவுலிங் கூடத்தில் ஷூ வாடகைக்குக் கொடுக்கிற வேலை. யார் கால் என்ன அளவு என்று பார்த்ததும் சொல்லிவிடுகிறேன். இதுவரை ஒன்றுகூடத் தப்பவில்லை.

எமெட் கூப்பிட்டான். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், பேசவிடவில்லை.

"விடுங்க சார். இங்க மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னை முன்வரிசைக்காரங்க அஞ்சு பேர்கூடத்தான் உட்கார வெக்கறாங்க. யாருக்கு எந்த முட்டி வலி, யார் எந்தப் பக்கம் சாய்வான், எல்லாம் எனக்கு அத்துப்படி. அங்க எனக்கு அவங்க பேர்கூடத் தெரியாது."

"ஆடவிட்டாங்களா?"

"மூணு ஆட்டம். ரெண்டுல சொதப்பிட்டேன். யாரும் கத்தல. மறுநாள் காலையில உட்கார வெச்சு எது தப்புன்னு காட்டினாங்க." அப்புறம், "திறமை என்கூட வரும்னு சொன்னேன்ல சார்? வந்துச்சு. ஆனா தனியா வந்தா அதுக்கு என்ன பண்றதுன்னு தெரியல" என்றான்.

அக்டோபர் 18, ஞாயிறு

மதியம் டுலூத் ஆட்டம் டிவியில். ஆறு ஆட்டத்தில் ஐந்து ஜெயித்திருக்கிறார்கள். மார்லின் சோளம் பொரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் மணி. போய்க் கதவைத் திறந்தால் லன்ட். மைதானத்தில் அவருடைய டீம் ஆடிக்கொண்டிருக்கிற நேரம்! முப்பத்தொன்றுக்குப் பூஜ்யமாம். பாதியில் கிளம்பி வந்துவிட்டார்.

உள்ளே கூப்பிட்டேன். உட்காரவில்லை. நின்றபடியே டிவியைப் பார்த்தார். எமெட் பந்தை வாங்கிப் பின்னால் நகர்ந்தான். லன்ட் வாய்க்குள் எண்ண ஆரம்பித்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பந்து போனது. எல்லைக்கோட்டைத் தாண்டி நின்றிருந்தவன் மார்பில் போய் விழுந்தது.

"யாரும் அவனைத் தொடவே இல்லையே கிராட்ஸ்?"

"இல்ல சார்."

"நம்மகிட்ட எவ்வளவு நேரம் நின்னான்?"

"ஒண்ணரை செகண்ட்."

இன்னும் இரண்டு பந்து பார்த்தார். இரண்டையும் எண்ணினார். அப்புறம் திரும்பினார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்காத கேள்வி. குரல்கூட வேறு மாதிரி இருந்தது.

"அப்ப நம்மகிட்ட என்னதான்ப்பா தப்பு?"

மார்லின் டிவி சத்தத்தைக் குறைத்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"கோட்டைக் கழட்டுங்க சார்," என்றேன், "கொஞ்சம் நேரமாகும்."