நிற்காத வண்டியும் அரிசி டின்னும்

செப். 9, செவ்வாய்

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். யாழினி இப்போதுதான் தூங்கினாள். பயங்கரப் புழுக்கம். நைட் ஷிஃப்ட் வாரத்தில் உங்கள் போனை கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். அதனால் பேச்செல்லாம் இந்த டைரியில்தான்.

சாயங்காலம் ஸ்டேஷனில் கீரை வாங்கினேன். பை பிரிக்க அவள் கையை விட்டேன். அவ்வளவுதான். நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருக்க, பிள்ளை பிளாட்பார ஓரத்துக்கு ஓடினாள். கொய்யா விற்கும் செல்வி அக்கா கவுனைப் பிடித்து இழுத்தார். கவுன் கிழிந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை. நான்தான் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

ஒரகடத்தில் நீங்கள் பார்த்து வைத்த வாடகை வீட்டைப் பேசி முடியுங்கள். மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் இந்த வீட்டில் இனி ஒரு நாளும் முடியாது.

செப். 10, புதன்

மேகமூட்டம். துணி காயவில்லை. டைரியில் உங்கள் பதில் பார்த்தேன்: "பேசிட்டேன். சனிக்கிழமை காலைல அட்வான்ஸ். அழாத." அழவில்லை.

கவுன் தைக்க. கேஸ் புக் பண்ண. தடுப்பூசி அட்டை எங்கே?

இரண்டு கதவும் பூட்டு. யாழினி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எல்லா வண்டிக்கும் கையசைக்கிறாள். கார் ஏற்றிய சரக்கு வண்டி போனால் மட்டும் "அப்பா வண்டி". அத்தனை காரும் நீங்கள் ஒருவரே செய்ததாம்.

செப். 12, வெள்ளி

மதியம் தூறல். நேற்று எழுத நேரமில்லை.

காலையில் பால் காய்ச்சும்போது ஸ்டேஷன் மைக் கேட்டது. நிற்காத வண்டி, தள்ளி நில்லுங்கள் என்று. பொம்மையைப் போட்டுவிட்டு யாழினி சுவரோரம் ஓடினாள். முதுகை ஒட்டி உட்கார்ந்து அரிசி டின்னை இறுகக் கட்டிக்கொண்டாள். வண்டி போனதும் எழுந்து விளையாட்டு. இப்படி நான்கு தடவை. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால், "செல்லி." செல்வி அக்காவைத்தான் அப்படிச் சொல்கிறாள்.

ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கையை விடவில்லை. செல்வி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னாமா, மூணு நாளா ஆளே காணோம். கவுன கிழிச்சிட்டேன்னு கோவமா?"

"ஐயோ, இல்லக்கா. பயம்."

"அதுக்குப் புள்ளைய பூட்டி வெப்பியா? கொய்யா குடுக்கலாம்னு பாத்தா ஜன்னல்லயே நின்னுகினு கீது."

உட்காரச் சொல்லிக் கொடுத்தது நீங்களா என்று கேட்டேன்.

"பின்ன? அன்னிக்கு நீ அழுதுகினு இருந்தப்போ ரெண்டு வண்டி போச்சி. ரெண்டு தபாவும் சுவத்தாண்ட குந்த வெச்சி, கூடைய புடிச்சிக்கச் சொன்னேன். நீ எங்க பாத்த?"

நான் பார்க்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் மைக். யாழினி என் கையை இழுத்துச் சுவரோரம் கொண்டுபோய், "அம்மா, குந்து" என்றாள். உட்கார்ந்தேன். புடவையெல்லாம் ஈரம். செல்வி அக்கா சிரித்த சிரிப்பில் டிக்கெட் கொடுப்பவர் எட்டிப் பார்த்தார்.

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரகடம் வீட்டு வாசலிலும் கன்டெய்னர் லாரி ஓடுகிறது. அங்கே அவள் கவுனைப் பிடிக்க நமக்கு யாரைத் தெரியும்?

நான்தான் அடம்பிடித்தேன், நானே மாற்றுகிறேன். திட்டுங்கள், பரவாயில்லை. ஆனால் விடிந்ததும் அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். டிஃபன் மூடியின்மேல் இதை விரித்து வைக்கிறேன். வந்ததும் என்னை எழுப்பி, போகலாமா இருக்கலாமா என்று சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.