விடாப்பிடி

ஒக்டோபர் 3

இன்று காலை ஏழே முக்காலுக்கு என்னுடைய வெல்டிங் கடையில் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த கூட்டம் ஒன்று நடந்தது. நிகழ்ச்சி நிரலில் ஒரே விடயம்: மரம் வெட்ட மேலே ஏறி நிற்பவன், கீழே கயிறு பிடிப்பவனிடம் கயிற்றைத் தளர்த்தச் சொல்ல எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும்? சமுகமளித்தோர் இருவர். நானும், என் தங்கச்சி டினுஷாவின் புருசன் லூர்துவும்.

"தளர்த்து" என்று நான் முன்மொழிந்தேன். "நான் அதைச் சொல்லி முடிக்க முதல் கட்டை நிலத்துக்கு வந்திரும் மச்சான்" என்றான் லூர்து. அவன் முன்மொழிந்தது "லூஸ்". நாள் முழுக்க என்னைப் பார்த்து அப்படிக் கத்துவதை ஊர் தவறாக விளங்கிக்கொள்ளும் என்று ஆட்சேபித்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த டினுஷா, "அப்பா தோணியில 'இளக்கு' எண்டுதானே சொல்லுவார்" என்றாள். அவள் உறுப்பினர் இல்லை என்பதால் அது கவனத்தில் எடுக்கப்படவில்லை. இறுதியில் "விடு" ஏகமனதாக நிறைவேறியது. இரண்டே எழுத்து. தமிழ் பேசும் எவருக்கும் விளக்கம் தேவைப்படாத சொல்.

கூட்டத்துக்குக் காரணமான பொருள் மேசையில் இருந்தது. மூடிப்போன நெல் ஆலையில் எடுத்த இரும்புக் குழாயில் ஒரு முழம். இரண்டு நுனியிலும் தட்டு. மரத்தடியில் சங்கிலியால் கட்ட ஒரு வளையம். வெட்டப்போகும் கொப்பில் கட்டிய கயிறு மேலே கப்பியில் ஏறி, இறங்கி வந்து, இந்தக் குழாயில் மூன்று சுற்றுச் சுற்றும். பாரத்தில் பெரும்பங்கைச் சுற்று தாங்கும். மிச்சத்தைக் கீழே நிற்பவன் கையால் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவான். இருநூறு கிலோக் கட்டையைப் பூனைக்குட்டி மாதிரி நிலத்தில் வைக்கலாம்.

கீழே நிற்பவன் நான். நான் நிலத்தில் நின்று கண்டுபிடிப்பவன். ஏறுவது லூர்து.

ஒக்டோபர் 6

கஜானி ரீச்சர் வளவில் நிற்கும் வாகை அவருடைய ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்து நிற்கிறது. ஒழுங்கை ஒடுக்கம், கிரேன் வராது. இடப்பக்கம் கரன்ட் கம்பி, வலப்பக்கம் யோகராசாவின் மிளகாய்த் தோட்டம். மரத்தை விழுத்த இடமில்லை. துண்டு துண்டாக இறக்க வேண்டும், அதுவும் மாரி மழைக்கு முதல்.

அனுமதி கேட்கக் கந்தோருக்குப் போனேன். "மரம் இன்னும் விழயில்லையே" என்றார் உத்தியோகத்தர். மரத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். கடிதம் தந்தார்.

ஒக்டோபர் 9

ஏழு கொப்பு இறக்கினோம். ஒரு ஓடும் உடையவில்லை. லூர்து மேலிருந்து "விடு... விடு... பிடி!" என்பான், குழாய் மெல்ல முனகும், கொப்பு வந்து என் காலடியில் படுக்கும். ரீச்சர் பாடசாலையால் வந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி லிப்ட் கூட இவ்வளவு பக்குவமா இறங்காது" என்றார்.

யோகராசா வேலியோரம் கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய பிறகு முறைப்பாட்டை முழுநேரத் தொழிலாகக் கொண்டவர். வாகை இலை தன் கிணற்றுக்குள் விழுகிறதாம். "இலைக்கும் ஒவ்வொரு கயிறு கட்டட்டா அண்ணன்?" என்று கேட்டேன். லூர்து மேலே சிரித்தான். யோகராசா சிரிக்கவில்லை.

ஒக்டோபர் 11

ஆஸ்பத்திரியால் இப்பதான் வந்தேன். லூர்துவின் உயிருக்கு ஒன்றுமில்லை. கை— நாளைக்கு எழுதுகிறேன்.

ஒக்டோபர் 12

வரிசையாக எழுதினால்தான் விளங்கும்.

பத்தரை மணி. ரீச்சரின் அடுப்படிக்கு நேர் மேலே இருந்த கொப்பு. லூர்து அறுத்துவிட்டான், அது கயிற்றில் தொங்கியது. கப்பியில் ஒரு சுள்ளி சிக்கியிருந்தது. அதை எடுக்க இடது கையை நீட்டினான். நான் கீழே கயிற்றைப் பிடித்தபடி.

வேலிக்கு அப்பாலிருந்து யோகராசா, "உன்ர அப்பன்ட காலத்தில இந்தத் தோட்டத்தில ஒரு சருகு விழுந்ததில்ல தம்பி" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். "அப்ப உங்களுக்குத் தோட்டம் இல்லயே, பெட்டிசம் எழுதவே நேரம் சரியா இருந்திச்சு" என்றேன். அவர் அப்பாவின் குடியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். நான் வேலிப் பக்கம் திரும்பினேன். கயிறு கையில்தான் இருந்தது. நான் கத்தினேன், அவர் கத்தினார்.

மேலே இருந்து லூர்து எங்களைச் சமாதானப்படுத்த, "விடு மச்சான்! விடு!" என்றான்.

விட்டேன்.

கயிறு குழாயில் சீறியது. கட்டை கூரை ஓடுகளை உடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனது. நல்ல வேளை, ரீச்சர் முன் வாசலில் நின்றார். கப்பிக்குள் போன கயிறு லூர்துவின் கையையும் கூட்டிக்கொண்டு போனது. மோதிர விரல், சின்ன விரல்.

அவன் கத்தவில்லை. "மச்சான், நான் உன்னையல்லோ சொன்னன்" என்று மட்டும் சொன்னான். இரண்டு தரம்.

ஒக்டோபர் 14

இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள்.

கட்டிலருகே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். லூர்து நித்திரை. சேலைன் சொட்டிக்கொண்டிருந்தது. தாதி வந்து குழாயில் இருந்த சின்னச் சில்லை விரலால் உருட்டினார், சொட்டு குறைந்தது. கையை எடுத்தார்; சில்லு நின்ற இடத்திலேயே நின்றது. கை எடுத்த பிறகும் குழாயை அது நெரித்துக்கொண்டே இருந்தது. சில்லு ஓடும் பள்ளம் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். அவ்வளவுதான் தந்திரம்.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வரையத் தொடங்கினேன். கயிறு, சாய்ந்த பள்ளம், பல் வைத்த சில்லு, அதை விலக்க ஒரு நெம்புகோல். பாரம் இழுத்தால் சில்லு ஒடுக்கத்துக்குள் போய்க் கயிற்றை நெரிக்கும். நெம்பை அமத்தினால் மட்டும் இளகும். கை விட்டால் திரும்பவும் பிடி.

"என்ன கீறுறீங்க?" என்று டினுஷா பின்னால் நின்று கேட்டாள்.

அவள் சீட்டைப் பார்த்தாள். தன் புருசனின் கையைப் பார்த்தாள். "இவர் எழும்புமட்டுமாவது பொறுத்திருக்கலாம்" என்றாள்.

சீட்டை மடித்துப் பையில் வைத்தேன். கிழிக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒக்டோபர் 17

இந்த மொழியில் "விடு" என்றால் கைவிடு. "விடு" என்றால் அதைப் பற்றிக் கதைக்காதே. கோபத்தை விடு, ஆளை விடு, கயிற்றை விடு. கூட்டம் போட்டு முடிவெடுத்த ஒருவன், இருந்த சொற்களில் இதைத்தான் பொறுக்கி எடுத்தான். நல்லது. சொல் மேல் குற்றம் என்று எழுதி முடித்துவிடலாம்.

ஆனால் வேலை நேரத்தில் லூர்து ஒருநாளும் "மச்சான்" சேர்த்துச் சொன்னதில்லை. கயிற்றுக்கு எப்போதும் ஒற்றைச் சொல். "விடு மச்சான்" என்றால் அது எனக்குத்தான், கயிற்றுக்கில்லை. எனக்கு அது தெரியும்தானே? பிறகு ஏன் விட்டன்? காது பிழைச்சதா, கோவத்தில கை தானா விரிஞ்சதா? யோகராசாவுக்கு விரலை நீட்டிக் கதைக்க எனக்கு ஒரு கை தேவைப்பட்டதா?

ஒக்டோபர் 18

ரீச்சர் போனில் கோல் எடுத்தார். கட்டை விழுந்த உலுக்கலில் பெரிய கொப்பின் கவட்டில் வெடிப்பு. முந்தநாள் ஒரு விரல் போகுமாம், இன்று இரண்டு. அந்தக் கொப்புக்குக் கீழேதான் அவர் படுக்கும் அறை. "எனக்குப் போக வேற வீடில்ல. வேற ஆக்களைக் கேட்டன், நீங்க துவக்கினதை நீங்களே முடிக்கட்டாம்."

அளவு சொல்ல அவர் விரலைத்தான் பயன்படுத்தினார். வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்.

ஒக்டோபர் 23

முதற் சில்லு கயிற்றை வெட்டியது. இரண்டாவது வழுக்கியது. மூன்றாவது நன்றாகப் பிடித்தது. பிறகு விடவேயில்லை, கயிற்றை அறுத்துத்தான் எடுத்தேன். கவட்டு வெடிப்பு மூன்று விரல்.

ஒக்டோபர் 27

நாலாவது. பல்லைக் கொஞ்சம் மழுக்கி, நெம்பை ஒரு சாண் நீட்டி, உழவு இயந்திரத்துச் சுருள்வில் ஒன்று போட்டேன். கடை முகட்டில் நூற்றைம்பது கிலோ இரும்பைத் தொங்கவிட்டு, கையை எடுத்தேன். நின்றது. நெம்பை அமத்தினேன், இறங்கியது. கையை எடுத்தேன், நின்றது. இருபது தரம்.

யோகராசா வாசலில் நிற்பதைப் பிறகுதான் கண்டேன். அன்றைக்குப் பின் முதல் தடவை. வெற்றிலைப் பையைக் கையில் பிசைந்துகொண்டு, "என்ன மனே இது, நீ விட்டாலும் அது விடாதா?" என்றார். ஓம் என்றேன். "அப்ப சரியான விடாப்பிடிதான். உன்னை மாதிரி இல்ல." சொல்லிவிட்டுப் போனார். பெயர் நிலைத்துவிட்டது.

ஒக்டோபர் 29

லூர்து வீட்டுக்கு விடாப்பிடியைக் கொண்டுபோனேன். அவன் வலது கையால் நெம்பை அமத்தி அமத்திப் பார்த்தான். "இதுக்கு ஒரு கை போதும்" என்றான்.

டினுஷா குசினியால் வந்தாள். "ஏறப்போறது ஆரு?"

"ஆளைத் தேடுவம்" என்றேன்.

"தேட வேணாம். நீங்க ஏறுங்க அண்ணா. கயிறு இவர்ர கையில இருக்கட்டும்."

"அவருக்கு ஏறத் தெரியாது புள்ள" என்றான் லூர்து.

"இவருக்கு விரல் இல்லாம இருக்கத் தெரியாம இருந்திச்சு. பழகினார்தானே" என்றாள் அவள் என்னிடம்.

லூர்து நெம்பை இன்னொரு தரம் அமத்திப் பார்த்தான். பிறகு அவள் சொன்னாள்: "சொல்லு 'இளக்கு'. வேற சொல்லுக்கு இவர் கையை அசைக்கமாட்டார். நானும் பக்கத்தில நிப்பன்."

இம்முறை கூட்டத்தில் வாக்கெடுப்பு நடக்கவில்லை.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். அப்பாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினோம். பின்னேரம் கடைக்குப் பின்னால் உள்ள மாமரத்தில் ஏறிப் பழகினேன். எட்டு அடி. இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே நாளில் அமைந்தது தற்செயல்.

நவம்பர் 6

பதினெட்டு அடி. லூர்து கீழே கதிரையில் இருந்து, "மரத்தைக் கட்டிப்பிடிக்காத மச்சான், அது உன்ர பொஞ்சாதி இல்ல. இடுப்புக் கயித்தில சாஞ்சு நில்லு" என்கிறான். நாற்பத்தாறு வயதில் இதைக் கேட்டுக்கொண்டு தொங்குகிறேன். வங்கக்கடலில் தாழமுக்கம், பெருமழை வரும் என்று ரேடியோ சொல்கிறது. வெடிப்பு நாலு விரல்.

நவம்பர் 9

இதையும் வரிசையாகவே எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு ஏறினேன். முப்பது அடி. வாவிப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று விட்டு விட்டு அடித்தது. பெரிய கொப்பில் கயிற்றைக் கட்டினேன். கப்பி என் தலைக்கு மேலே, மேற்கவட்டில். கீழே லூர்து, விடாப்பிடியில் வலது கை. இடது கை துணிச்சுற்றோடு நெஞ்சோரம். டினுஷா அவனுக்குப் பக்கத்தில். யோகராசா வேலியோரம், கதிரை இல்லாமல் நின்றபடி.

அறுத்தேன். வெடிப்பு நான் நினைத்ததை விட ஆழம். வாள் பாதி போக முதல் கொப்பு தானாக முறிந்தது. கூரைக்கு மேலே ஆடிப்போய், கயிறு இழுக்க, திரும்பி என்னைப் பார்த்து வந்தது. முந்நூறு கிலோ. வந்து என் தொடையை மரத்தோடு அமத்தியது. மூச்சு நின்றது. மரமும் கட்டையும், நடுவில் நான்.

"விடு! விடு! விடுடா!" என்று கத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

கீழே பார்த்தேன். லூர்து நெம்பில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கை அசையவில்லை. அவன் விட்டிருக்கலாம். நான்தானே சொன்னேன். ஒருவரும் அவனைக் குறை சொல்ல ஏலாது. நெம்பை முழுக்க அமத்தி விட்டிருந்தால் கொப்பு என்னை உரித்துக்கொண்டு போய் ரீச்சரின் அறைக்குள் படுத்திருக்கும்.

"அண்ணா! சொல்லைச் சொல்லுங்க!" என்று டினுஷா கத்தினாள்.

எனக்கு அந்தச் சொல் வரவில்லை. அப்பாவின் தோணி நினைவில் வந்தது, வலை வந்தது, அவருடைய புகையிலை மணம் வந்தது. சொல் வரவில்லை. வேலியோரம் யோகராசா, "இளக்கு மனே! இளக்கு எண்டு சொல்லு!" என்று அழுகிற குரலில் கத்தினார்.

லூர்து அதற்கும் அசையவில்லை. சொல்ல வேண்டியவன் நான்.

"இளக்கு" என்றேன்.

நெம்பை அமத்தினான். கொப்பு ஒரு சாண் இறங்கி, தொடையை விட்டு விலகியது. "பிடி" என்றேன். நின்றது. காலால் உதைத்துக் கூரைக்கு வெளியே தள்ளினேன். "இளக்கு." "இளக்கு." "இளக்கு." முற்றத்தில் படுத்தது.

இறங்கி வந்து நிலத்தில் இருந்தேன். லூர்து பக்கத்தில் வந்து குந்தினான். "நீ 'மச்சான்' எண்டு சேக்கயில்ல" என்றான். "கயித்தைத்தான் சொல்லுறாய் எண்டு விளங்கிச்சு. எண்டாலும் அது சொல் இல்லயே."

மழை தொடங்கியது. ரீச்சர் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். யோகராசாவும் வந்தார்.

நவம்பர் 10

தொடை நீலம். எலும்பு முறியவில்லை. மழை.

டிசம்பர் 14

கரடியனாற்றில் ஒரு பாலை மரம், நாளைக்கு. ஏறுவது நான். இரும்புக் கடையில் லூர்துவுக்கு ஒரு சோடி கையுறை வாங்கினேன். இடது கையுறையின் இரண்டு விரலை டினுஷா உள்ளுக்கு மடித்துத் தைத்தாள்.