செர்வா போட்ட ரெண்டு தகரம்

குமாசி,
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகன் போவாச்சிக்கு அம்மா எழுதறது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையுமில்லே, கனடாக் குளிர்ல நீயும் மருமகளும் நல்லா போர்த்திக்கிட்டு சௌக்கியமா இருக்கீங்கன்னு நம்பறேன். உன் சித்தப்பா டங்க்வாவுக்கு ரெண்டு பல் பிடுங்கினாங்க, வாய் மட்டும் ஓயலே.

சொல்ல வந்ததை விட்டுட்டு சுத்தி வளைக்கறேன். பின்பக்க அறைக் கூரைக்குன்னு நீ அனுப்பின பணத்தை நான் கூரைக்குப் போடலே. உங்கப்பாவோட வருஷ நினைவுக்குப் பந்தலும் மேளக்காரங்களும் இல்லாம ஊர் முன்னாடி எப்படி நிக்கறதுன்னு அதுல போட்டுட்டேன். உன்கிட்ட போன்ல கூரை மாத்தியாச்சுன்னு வாய் கூசாம சொன்னேன். அந்த அறையில குடியிருக்கற தையல்காரி செர்வா மூணு தரம் வந்து, அம்மா ஒழுகுது, குழந்தை மேலேயே சொட்டுதுன்னா. மழைக்காலம் முடியட்டும் பார்க்கலாம்னு அனுப்பிட்டேன். நாலாவது தரம் அவ வரலே, தானே தச்சனைக் கூப்பிட்டு ரெண்டு தகரம் மாத்திட்டா. இன்னிக்குத் தகரம் போடறவ நாளைக்கு வீடே என்னுதும்பா, அடுத்த தெருவுல ஒருத்தன் சுவரைப் பூசிட்டு அப்படித்தானே உரிமை கொண்டாடினான்னு டங்க்வா ஏத்திவிட்டார். அவரைச் சொல்லி என்ன, கேட்டது நான்தானே. புதுத் தகரத்தைக் கழட்டிட்டு ஓட்டைத் தகரத்தையே திரும்ப அடிக்க வச்சேன். மறுநாள் சாயங்காலம் கொட்டின மழையில அவ தையல் மிஷின், யாரோ சாவுக்குத் தைக்கக் கொடுத்த கறுப்புத் துணி எல்லாம் நனைஞ்சு, எட்டு மாசக் குழந்தைக்கு நெஞ்சுல சளி கட்டி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தது. பொழைச்சுக்கிச்சுடா, பயப்படாதே, பொழைச்சுக்கிச்சு.

செர்வா வாடகை ஆபீசுல புகார் எழுதிக் கொடுத்தா. அங்கே இருந்த அதிகாரி அம்மா என் வயசுக்காகக் குரலை உசத்தலே. வீட்டுக்காரங்க செய்யாம விட்டா, எழுதித் தெரியப்படுத்திட்டு, எங்ககிட்டயும் சொல்லிட்டு, குடியிருக்கறவ அவசியமான ரிப்பேரைச் செய்துக்கலாம், செலவை வாடகையில கழிச்சுக்கலாம், அதனால வீடு ஒண்ணும் அவளுதாகிடாது, போட்டதைப் பிடுங்கறதுக்குத்தான் உங்களுக்கு உரிமையில்லேன்னாங்க. சரி, நீங்களே ஏன் செய்யலேன்னு கேட்டாங்க. கையில காசில்லே, புருஷன் போன ஒண்டிக்கட்டைன்னு அழுதுட்டேன். பொய்டா. அதைக் கேட்டதும் செர்வா புகாரைத் திருப்பி வாங்கிட்டா. இப்போ தினமும் நிலக்கடலைச் சூப் கொண்டுவந்து வச்சு, கஷ்டம்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மாங்கறா. நான் அதை அப்படியே மூடி வச்சுடறேன். குழந்தையையும் என் மடியிலேயே விட்டுட்டுத் தைக்கப் போறா. அது மூச்சு விடும்போது இன்னும் கொஞ்சம் கரகரங்குது.

இன்னிக்குச் சாயங்காலம் அவ சூப்போட வரும்போது எல்லாத்தையும் சொல்லிடப்போறேன். உனக்கு முதல்ல எழுதிட்டாத்தான் பின்வாங்க மாட்டேன். அவ காலி பண்ணிட்டுப் போனா தடுக்க எனக்கு வாயில்லே, நீ கோபத்துல போன் பண்ணாம இருந்தாலும் ஏன்னு கேக்க மாட்டேன்.

உன் வாடகை வீட்டு ஜன்னலை வீட்டுக்காரன் சரிபண்ணாம இழுத்தடிக்கறான்னு நீ சொன்னப்போ அவனை எப்படியெல்லாம் திட்டினேன்! வாயால கேக்காதே, எழுதிக் கொடுத்து நகல் வச்சுக்கோ. கடவுள் உங்க ரெண்டு பேரையும் நோய் நொடியில்லாம காப்பாத்தட்டும். ஒண்ணு மட்டும் மறந்துடாதே, கூரைக்குன்னு இனிமே எது அனுப்பினாலும் என் பேருக்கு அனுப்பாதே, செர்வா பேருக்கு அனுப்பு.

உன் அம்மா,
அஃப்ராகோமா